தாள் கேட்காத வரிசை

"அந்த வரிசைக்குப் போங்க ஐயா. இது பிறப்புச் சீட்டு கொண்டுவந்தவங்க வரிசை."

தலைமையாசிரியை பிலோமினா டீச்சர் இதை அதட்டிச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனா பிடித்த கையை நீட்டி வெளியே காட்டினார். மைதானத்தில் ஒரு வாதாம் மரம். அதன் நிழலில் இன்னொரு மேசை, இன்னொரு வரிசை.

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என் மகள் செண்பகம். தலைக்கு விளக்கெண்ணெய் தடவி, இரட்டைச் சடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தாள் அவள் அம்மா. ஜூன் மாத வெயிலில் எண்ணெய் இளகிக் காதோரம் வழிந்தது. அந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

மரத்தடியில் நின்றவர்களைப் பார்த்தேன். எல்லாம் கால்வாய்க் கரைக் குடிசை ஜனம். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள், மீன்கூடைக்காரி ஒருத்தி, கை வண்டி இழுப்பவர்கள். வரிசையின் நடுவில், மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ஏழுமலை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். என்னைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பல்.

"வா நைனா, வா! இப்டி வந்து நில்லு. இந்த லைன்ல பேப்பரே கேக்க மாட்டாங்களாம். நம்மள மாதிரி ஏழபாழைங்களுக்குன்னு டீச்சரம்மா புச்சா வெச்சிக்கீறாங்க!"

வராந்தா முழுக்கக் கேட்டது. எனக்கு அடுத்து நின்ற, உத்தியோகஸ்தர் மாதிரி இருந்த ஒருவர் திரும்பினார். முதலில் ஏழுமலையைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார்.

நம்மள மாதிரி. அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சீட்டு இருக்கு டீச்சர். வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். கொண்டாரேன்" என்றேன்.

வீட்டில் சீட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செண்பகத்தை இழுத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் திரும்பாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு வாசகியின் கேள்வி

இதை எழுதுவதாகவே நான் இல்லை. போன மாதம் ஒரு வாசகி பத்திரிகைக்கு எழுதியிருந்தார்: "ஐயா, உங்கள் தொடரில் எல்லா வாரமும் நீங்களே ஜெயிக்கிறீர்கள். ஒரு வாரமாவது தோற்க மாட்டீர்களா?" என் மருமகன் அதை வாசித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

நான் ஜெயித்ததை நான் சொல்லாமல் யார் சொல்வார்கள்? மூன்றாம் வகுப்பு படித்தவன். டிக்கெட் இல்லாமல் ரயிலேறி மெட்ராசுக்கு வந்தவன். இன்றைக்குத் தியாகராய நகரில் மூன்று மாடிப் பாத்திரக் கடை. கல்யாணச் சீர்வரிசை என்றால் என் கடையில் கால் வைக்காமல் போகிற குடும்பம் கிடையாது. ஆங்கிலம் தெரியாமலே சிங்கப்பூர் வியாபாரியிடம் கையை ஆட்டிப் பேசிச் சரக்கு எடுத்தவன். இதெல்லாம் பொய்யா?

ஆனால் அந்த அம்மாள் கேட்டது முள் மாதிரி உள்ளேயே நின்றுவிட்டது. வழக்கமாக நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுவாள். இந்த வாரம் அவளை அழைக்கவில்லை. கோணல் எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன். அவள் செண்பகத்தின் மகள். அவளிடம் வாயால் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பழைய துணிக்குப் பாத்திரம்

அறுபதுகளின் கடைசி அது. எவர்சில்வர் என்றால் ஜனங்களுக்கு வெள்ளி மாதிரி. கூடை நிறையப் பாத்திரத்தை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று தெருத் தெருவாகப் போவேன். "பழைய துணிக்குப் பாத்திரேம்!" என்று நான் குரல் கொடுத்தால் மூன்றாவது தெருவில் கதவு திறக்கும். அப்படி ஒரு தொண்டை.

ஜரிகைச் சேலைக்குத் தூக்குவாளி. வேட்டி சட்டைக்குக் கிண்ணம், தட்டு. வாங்கிய துணியைப் பிரித்து, தைத்து, துவைத்து, மூர் மார்க்கெட்டில் விற்பேன். நல்லதாக ஒன்றிரண்டு எனக்கு. பள்ளிக்கூடத்துக்கு நான் போட்டுக்கொண்டு போன சட்டை அப்படி வந்ததுதான். லஸ் பக்கத்து வக்கீல் வீட்டுச் சட்டை. காலருக்குள் வண்ணான் குறி கறுப்பு மையில் அப்படியே இருந்தது. அது தெரியாமல் இருக்கக் காலரை இறுக்கிப் பித்தான் போட்டிருப்பேன். கழுத்து வியர்த்து அரிக்கும். அரித்தாலும் அவிழ்க்க மாட்டேன்.

குடியிருந்தது கால்வாய்க் கரையில், கீற்றுக் கொட்டகையில். ஊருக்குக் கடிதம் போடும்போது "மயிலாப்பூரில் ஒரு போர்ஷன் எடுத்திருக்கிறேன்" என்று எழுதுவேன். அக்கம்பக்கத்தாரோடு நின்று பேச மாட்டேன். அவர்கள் கூலிக்காரர்கள், நான் வியாபாரி என்று என் மனசுக்குள் ஒரு கோடு. மழை பெய்தால் என் வீட்டுக்குள்ளும் ஏழுமலை வீட்டுக்குள்ளும் ஒரே தண்ணீர்தான் வந்தது. அது எனக்குக் கணக்கில்லை.

முந்தின வருஷம் வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சீட்டு இல்லாவிட்டால் கோர்ட்டில் சத்தியம் பண்ணித் தாள் வாங்கி வரவேண்டும். அதற்கு வக்கீல் குமாஸ்தா பின்னால் வேலையை விட்டு அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே கரைப் பிள்ளைகளில் முக்கால்வாசி பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே பெஞ்சு காலியாகக் கிடக்க, வெளியே பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா டீச்சர் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அந்த வருஷம் ஒரு வழி பண்ணினார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம். பெற்றவர் வந்து எப்போது பிறந்தது என்று வாயால் சொன்னால் போதும். தெரிந்தவர் ஒருவர் கூட நின்று ஆமாம் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை மரத்தடியில் பெயர் மட்டும் எழுதிக்கொண்டார்கள். சாட்சியோடு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். வெள்ளியோடு சேர்க்கை முடிகிறது. விட்டால் ஒரு வருஷம் போச்சு.

பேச்சியம்மாள் சொன்னது

"சேத்தாச்சா?" என்றாள் என் மனைவி பேச்சியம்மாள், நான் வாசலில் குனிந்து நுழைவதற்குள்.

"சீட்டு கேக்காவ."

"சீட்டு இல்லாதவுகளத் தனியா சேக்காகன்னு குழாயடியில பேசிக்கிட்டாகளே? ஏழுமலை அண்ணன்கூட போயிருக்காக."

"அது பிச்சைக்காரப் பயலுவளுக்கு. நமக்கு என்னத்துக்கு?"

அவள் அடுப்புக்குள் சுள்ளியைத் தள்ளினாள். "நாம யாராம்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "ஆமா, செண்பகம் என்னைக்குப் பொறந்தா?" என்றேன்.

"நீங்க இல்லாத அன்னைக்கு."

சொல்லிவிட்டு அடுப்பை ஊதத் தொடங்கினாள். நானும் மறுபடி கேட்கவில்லை. அவள் பிள்ளை பெற்றபோது நான் காஞ்சிபுரத்தில் இருந்தேன். பட்டுச்சேலை ஊர், பழைய ஜரிகை நிறையக் கிடைக்கும் என்று போய், அங்கேயே தங்கி வியாபாரம் பார்த்துவிட்டுத் திரும்பினால் தூளியில் பிள்ளை. எந்த மாதம், எந்தக் கிழமை, யார் பார்த்தார்கள் என்று அவள் அப்போதே சொல்லியிருப்பாள். நான் கொண்டுவந்த ஜரிகையைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டிருப்பேன்.

என் சொந்தப் பிறந்த தேதி எந்த லட்சணம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். "சரி, அஞ்சு ஆச்சு" என்று மனசுக்குத் தோன்றிய தேதியைப் போட்டார். அந்தத் தேதிக்குத்தான் இப்போது பேரப்பிள்ளைகள் கேக் வெட்டுகிறார்கள். ஒரு தாளும் இல்லாமல் பள்ளிக்கூடம் போனவன்தான் நான். அது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

பாத்திரமே சாசனம்

செவ்வாய்க்கிழமை கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். பதிவே இல்லாத பிறப்புக்குச் சீட்டு எப்படித் தருவது என்றார்கள். கேட்டது நியாயம்தான். கோர்ட் வாசலில் விசாரித்தேன். மாசக் கணக்காகும் என்றார்கள்.

வெறுங்கையோடு மாட வீதிப் பக்கம் வந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த மாமி ஞாபகம் வந்தார்.

அதற்குச் சில மாதம் முன்னால் நடந்தது. குளத்துப் பக்கம் ஒரு வீட்டில், பட்டுப்புடவை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பெரிய சம்புடம் கேட்டார் அந்த மாமி. அது கட்டுப்படியாகாது, கூடவே அந்தப் பழைய கூஜாவையும் போடுங்கள் என்றேன்.

"நன்னா இருக்கே நியாயம்!" என்று கூஜாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "இதுல எங்கம்மா பேரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கு, பார்த்தியா? எங்காத்துல யாருக்காவது எந்த வருஷம்னு சண்டை வந்தா, இதை எடுத்துண்டு வந்துதான் பார்ப்போம். இதுதாம்ப்பா எங்காத்துச் சாசனம். போ, போ, சம்புடத்தை வச்சுட்டுப் போ."

பேரும் தேதியும் வெட்டிய பாத்திரம். படித்த வீட்டிலேயே அது சாசனம் என்றால் பள்ளிக்கூடத்தில் செல்லாதா? தாளை ஆபீசில்தான் எழுதுவார்கள். பாத்திரம் என் ராஜ்ஜியம். எனக்குப் புத்தி வேலை செய்த வேகத்தில் எனக்கே பெருமை பிடிபடவில்லை.

கூடையிலிருந்து ஒரு பாலாடையை எடுத்தேன். கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். அதை எடுத்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் பெயர் வெட்டும் காதர் பாயிடம் போனேன். உளியும் சின்னச் சுத்தியலுமாக நடைபாதையில் உட்கார்ந்திருப்பார். எனக்குச் சிநேகிதர்.

"பேரு செண்பகம். கூடவே பொறந்த தேதியும் வெட்டணும் பாய்."

பாய் பாலாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு மறுபடி புள்ள பொறந்துச்சா? சொல்லவே இல்ல?"

"மூத்தவதான்."

"அது ஓடியாடிக்கினு கீதேப்பா! அதுக்கு இன்னுமா பாலாடைல பால் ஊத்துறே?"

"வெட்டுங்க பாய். தாய்மாமன் போட்டது மாதிரி இருக்கணும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டு உளியை எடுத்தார். "தேதி சொல்லு."

எதிரே டீக்கடைச் சுவரில் நாள்காட்டி தொங்கியது. அதைப் பார்த்து வாய்க்கு வந்த மாதத்தையும் நாளையும் சொன்னேன். வருஷத்தை விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். டொக் டொக் என்று பாய் புள்ளி புள்ளியாக வெட்டினார். வெட்டி முடித்து ஊதிவிட்டு, "நைனா, இத எடுத்துக்கினு கோர்ட்டுக்குப் போயிடாதே" என்றார்.

"கோர்ட் இல்ல பாய், பள்ளிக்கூடம்" என்றேன்.

"அது இன்னும் மோசம்" என்றார் பாய்.

வெள்ளிக்கிழமை

காலரை இறுக்கிப் போட்டுக்கொண்டு, செண்பகத்தை அழைத்துக்கொண்டு, மறுபடி வராந்தா வரிசையில் நின்றேன். மரத்தடியில் அன்று கூட்டம் அதிகம். ஏழுமலை அங்கிருந்தே கையை ஆட்டினார். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர், "பிறப்புச் சீட்டு?" என்று கையை நீட்டினார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன்.

"என்னய்யா இது, டிபனா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பிரிச்சுப் பாருங்க சார். பேரு, தேதி எல்லாம் இருக்கு. புள்ள பொறந்ததும் தாய்மாமன் வெட்டிப் போட்டது. எங்க பக்கத்துல இதுதான் ஆதாரம்."

பக்கத்து மேசையில் இருந்த பிலோமினா டீச்சர், "இங்க குடுங்க" என்று வாங்கினார். எழுத்துகளின் மேல் கட்டை விரலை மெதுவாக ஓட்டினார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

"இதுலதான் பால் குடுத்தீங்களா?"

"ஆமா டீச்சர். ரெண்டு வருசம்."

"தினமும் தேய்ச்சுக் கழுவினீங்க."

"கழுவாம இருப்பமா டீச்சர்?"

"நீங்க ஒரு தடவை தடவிப் பாருங்க."

தடவினேன். புது வெட்டின் பிசிறு விரலைக் கீறியது. வீடு வீடாக நானே சொல்கிற வார்த்தைதான் அது: "புதுசுலதாம்மா கீறும், நாலு மாசம் சாம்பல் போட்டுத் தேய்ச்சீங்கன்னா எழுத்து வழவழன்னு ஆயிடும்." என் தொழிலில் எனக்குத் தெரிந்ததை நானே மறந்துபோய் அங்கே வந்து நின்றேன்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "ஏன் ஐயா? பொய்யே சொல்ல வேண்டாத எடமா ஒண்ணு வச்சிருக்கேன், அங்க நிக்காம இங்க வந்து எதுக்கு இப்படி?"

"நாங்க வியாபாரிங்க டீச்சர். அவங்க மாதிரி இல்ல."

அதோடு முடிந்திருந்தால் என் அவமானம் என்னோடு போயிருக்கும். எழுத்தர் பாலாடையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். திரும்பும்போது தாளாளரும் வந்தார். பள்ளிக்கூடத்தை நடத்துகிற பெரியவர். பாலாடையை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"பார்த்தீங்களா டீச்சர்? நான் அன்னைக்கே சொன்னேன். சீட்டு வேண்டாம்னு சொன்னா ஆளாளுக்கு இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. அந்த மரத்தடி மேசையை எடுக்கச் சொல்லுங்க. சீட்டு இருக்கிறவங்களை மட்டும் சேர்த்தாப் போதும்."

மரத்தடிக்கு விஷயம் போக நேரமாகவில்லை.

"ஆரோ பண்ணதுக்கு நாங்க இன்னாபா பண்ணோம்?" என்று மீன்கூடைக்காரி கத்தினாள். "ஒரு நாள் யாவாரத்த உட்டுட்டு வந்து நிக்கிறேன்!"

"யாரு பண்ணது?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஏழுமலை மகனைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே விட்டார்.

நான் பேசியிருக்கவேண்டும். தப்பு என்னுடையது, அவர்கள் இதில் சேர்த்தியில்லை என்று ஒரு வார்த்தை. தெருவே அதிரக் கூவுகிற தொண்டை எனக்கு. அன்றைக்கு அதிலிருந்து காற்றுகூட வரவில்லை.

பேசியவர் பிலோமினா டீச்சர்.

"சார், இவர் எந்த வரிசையில நின்னு பொய் சொன்னாரு? சீட்டு கேக்கற வரிசையில. நாம கேட்டோம், இவர் செஞ்சு கொண்டுவந்துட்டாரு. மரத்தடியில நாம ஒண்ணும் கேக்கலை. அங்க இதுவரைக்கும் ஒருத்தரும் பொய் சொல்லலை. மூடறதுன்னா எந்த மேசையை மூடணும், நீங்களே சொல்லுங்க."

தாளாளர் டீச்சரைப் பார்த்தார். பிறகு பாலாடையைப் பார்த்தார். அதை மேசைமேல் வைத்துவிட்டு, "இந்த வருஷம் மட்டும்தான் டீச்சர். பார்க்கறேன்" என்று உள்ளே போனார்.

"நீங்க போய் அந்த வரிசையில கடைசியா நில்லுங்க" என்றார் டீச்சர் என்னிடம். "அங்க நான் கேக்கறதுக்கு உண்மையைச் சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மரத்தடியில்

வராந்தாவிலிருந்து அந்த மரம் பத்துப் பன்னிரண்டு எட்டு தூரம் இருக்கும். கூடையோடு கிண்டிவரை நடந்தவனுக்கு அந்தத் தூரம் அதைவிட நீளமாக இருந்தது. தலையைக் குனிந்து நடந்து, கடைசியில் போய் நின்றேன்.

"வாங்க மொதலாளி" என்றான் ஒருவன். "பாத்து நில்லுங்க, எங்க அழுக்கு ஒட்டிக்கப் போவுது."

டீச்சரும் மரத்தடி மேசைக்கு வந்துவிட்டார். தினமும் சாந்தோம் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ அம்மாள் அவர். மேசைமேல் பழைய பஞ்சாங்கம் ஒரு கட்டு வைத்திருந்தார். ஜனங்கள் தமிழ் மாதமும் கிழமையும் விசேஷமும் சொல்வார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி அதற்கு இங்கிலீஷ் தேதி கண்டுபிடித்து எழுதுவார்.

வரிசை நகர நகர ஒவ்வொருவரும் சொன்னது என் காதில் விழுந்தது.

"பங்குனித் திருவிழாவுல, அறுபத்து மூவர் அன்னிக்கி. சாமி தெரு மூல திரும்புது, இவன் பொறந்தான்."

"மாதா கோயில் தேருக்கு மறு நாளு."

"புயல் அட்ச்ச மறு வாரம், செவ்வாக்கெழம. கூர இல்ல. இவங்க நைனாதான் தார்ப்பாய் புட்ச்சிக்கினு நின்னாரு."

யாருக்கும் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. கேட்டதும் சொன்னார்கள். சில பேர் சொல்லும்போது பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டார்கள். ஏழுமலையும் மகன் சித்திரையில் பிறந்ததைச் சொல்லி, மீன்கூடைக்காரி சாட்சிக்கு நிற்க, வேலையை முடித்துக்கொண்டார்.

தாள் வேண்டாம், வாய்ச்சொல் போதும் என்றுதான் அந்த வரிசை. என்னிடம் அந்த வாய்ச்சொல்லும் இல்லை என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அவர்களை ஏழைகள் என்று நினைத்துத் தள்ளி நின்றவன், அந்த வரிசையிலேயே கையில் ஒன்றும் இல்லாதவனாக மேசை முன்னால் போய் நின்றேன்.

"சொல்லுங்க. பொண்ணு எப்பப் பொறந்தா?"

நான் மேசைமேல் இருந்த பஞ்சாங்கக் கட்டையே பார்த்தேன்.

"பாலாடையில போட்டிருந்த தேதியா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப எது?"

செண்பகம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது தெரிய ஆசை.

"எனக்குத் தெரியாது டீச்சர்" என்றேன்.

பின்னால் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நான் சொல்றேன் டீச்சரம்மா."

ஏழுமலை. கிளம்பிப் போனவர் பாதி மைதானத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"ஆடி மாசம், மூணாவது வெள்ளி. என் பையன் பொறந்த அதே வருசம். சாய்ங்காலம் அம்மன் கோயில்ல கூழு ஊத்திக்கினு இருந்தாங்க. அந்தம்மாவுக்கு வலி வந்திட்ச்சு. இவுரு ஊர்ல இல்ல. என் வூட்டுக்காரிதான் கைப்புள்ளய என்னாண்ட குட்த்துட்டு ஓடிப்போய்ப் பாத்தா. நான் வெந்நி வெச்சேன்." செண்பகத்தின் ரிப்பனை விரலால் சுண்டினார். "இது பொறந்தப்போ இம்மாந்தான் இருந்துச்சு. கத்தின கத்தல்ல கூழு ஊத்தறவங்கள்ளாம் வந்துட்டாங்க. அப்பன் தொண்ட."

டீச்சர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். தேதியை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் ஏழுமலை கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். வைத்துவிட்டு விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. "ஏழுமலை, ஒம் பையனுக்கும் நான் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுதேன்" என்றேன்.

"ஐயே, வாணாம் நைனா!" என்றார் அவர். "நீ சாட்சி சொன்னா அப்பறம் அதுக்கு வேற பேப்பர் கேப்பாங்க."

மரத்தடியே சிரித்தது. அவரும் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. நானும் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பேச்சியம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"சேத்துக்கிட்டாகளா?"

"சேத்துக்கிட்டாவ. திங்கக்கெழமை சிலேட்டோட வரச் சொன்னாவ."

அவள் முகம் மலர்ந்தது. செண்பகத்தை இழுத்து, சேலை முந்தானையால் அவள் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். "என்னவெல்லாம் கேட்டாக?"

"என்னைக்குப் பொறந்தான்னு கேட்டாவ."

துடைத்த கை நின்றது. "என்ன சொன்னிய?"

"ஆடி மாசம் மூணாவது வெள்ளி. அம்மன் கோயில்ல கூழ் ஊத்துன நேரம்."

முந்தானையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"யாரு சொன்னா?"